மாப்பிள்ளை கட்டுவது கிளைடரா?

கேத்தியில் பன்னிரண்டு நாளாக வெயில் தலைகாட்டவில்லை. தபால்காரர் கொண்டுவந்த கடிதங்களை அடுப்படியில் வைத்து உலர்த்திய பிறகுதான் பிரிக்க முடிந்தது. சென்ற மாதம் ஒரு பதிலின் ஓரத்தில் "இன்ஜின் உள்ள கிளைடர்களும் உண்டு" என்று ஒரே வரி எழுதிவிட்டு அடுத்த கேள்விக்குத் தாவிவிட்டேன். அந்த வரியைப் பிடித்துக்கொண்டு இத்தனை பேர் எழுதுவீர்கள் என்று நினைக்கவில்லை. ஆகவே இந்த மாதம் முழுவதும் கிளைடர்தான். பாய்லர், பம்ப்செட் கேள்விகள் அனுப்பியவர்கள் அடுத்த இதழ் வரை பொறுத்துக்கொள்ள வேண்டும்.

புதிதாக வாசிப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. நான் பட்டம் பெற்ற பொறியாளன் அல்லன். விமானப்படையில் ஏர்ஃபிரேம் ஃபிட்டராக இருந்துவிட்டு, பிறகு வடக்கே ஒரு கிளைடிங் மையத்தின் பட்டறையில் மரவேலையும் துணிவேலையும் பார்த்தவன். சட்டம் பேசும்போதும் கையில் உளி பிடித்தவன் பேசுகிறான் என்று நினைத்துக்கொண்டு படியுங்கள்.

கேள்வி: என் மூத்த மகளும் மருமகனும் அமெரிக்காவில் இருக்கிறார்கள். மாப்பிள்ளை தம் வீட்டுக் கார் கொட்டகையில் இரண்டு பேர் உட்காரும் விமானம் ஒன்றைக் கட்டிக்கொண்டிருக்கிறார். முன்னால் இன்ஜின், புரொப்பெல்லர் எல்லாம் இருக்கின்றன. ஆனால் "இதைக் கிளைடர் என்றுதான் பதிவு செய்யப்போகிறேன், மாமா" என்கிறார். இன்ஜின் வைத்தது எப்படிக் கிளைடர் ஆகும்? சட்டத்தை ஏமாற்றப் பார்க்கிறாரோ என்று எனக்கும் என் மனைவிக்கும் கவலையாக இருக்கிறது. இறக்கை முனைக்கு முனை 46 அடி என்றும், முழுச் சுமையுடன் எடை 1,270 பவுண்டு என்றும் எழுதியிருக்கிறார்.
(ஓய்வுபெற்ற தலைமை ஆசிரியர், கோத்தகிரி)

பதில்: ஐயா, மாப்பிள்ளை யாரையும் ஏமாற்றவில்லை. அம்மாவிடமும் சொல்லிவிடுங்கள். ஆனால் அவரிடம் நீங்கள் கேட்க வேண்டிய கேள்விகள் இரண்டு இருக்கின்றன; அவற்றுக்குக் கடைசியில் வருகிறேன்.

கிளைடர் என்றால் இன்ஜின் இல்லாத விமானம் என்று நாம் படித்தோம். நீங்கள் வகுப்பில் சொல்லியும் கொடுத்திருப்பீர்கள். அது தப்பும் இல்லை. பன்னாட்டுச் சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பு தரும் விளக்கம் அப்படித்தான் இருக்கிறது: காற்றைவிடக் கனமானது, இன்ஜின் விசையால் ஓட்டப்படாதது, நிலையாக நிற்கும் இறக்கைப் பரப்புகளின்மேல் காற்று தரும் எதிர்விசையால் தாங்கப்படுவது. இதில் "ஓட்டப்படாதது" என்ற இடத்திலேயே மாப்பிள்ளையின் விமானம் வரிசையிலிருந்து வெளியே வந்துவிடும்.

அமெரிக்கர்கள் தங்கள் விமான விதிகளின் முதல் பகுதியில் இதையே வேறு விதமாக எழுதிவைத்திருக்கிறார்கள். அவர்கள் கணக்கில், தன் போக்கில் பறக்கும்போது எது முதன்மையாக இன்ஜினை நம்பியிருக்கவில்லையோ அது கிளைடர். அந்த "முதன்மையாக" என்ற சொல்லில்தான் எல்லாம் இருக்கிறது. இன்ஜினே இருக்கக் கூடாது என்று அந்த விதி சொல்லவில்லை; இன்ஜினை நம்பிப் பிழைப்பு நடத்தக் கூடாது என்கிறது. உங்களுக்கு ஓய்வூதியம் வருகிறது. வீட்டுக்குப் பின்னால் போட்ட கேரட்டிலும் நாலு காசு வருகிறது. மேட்டுப்பாளையம் மண்டியில் கேரட் விலை சரிந்தால் நீங்கள் பட்டினி கிடக்கப்போவதில்லை. மாப்பிள்ளையின் இன்ஜின் அந்தக் கேரட்டைப் போன்றது. மேலே ஏறுவதற்கு ஓட்டுவார். ஏறிய பிறகு நிறுத்திவிட்டு, மேலெழும் காற்றைத் தேடிக்கொண்டு வட்டமடிப்பார்.

சரி, முதன்மையா துணையா என்பதை யார் தீர்மானிப்பது? எந்த விமானத்தின் இன்ஜினையும் வானத்தில் நிறுத்திவிட்டு "பாருங்கள், சறுக்குகிறது" என்று சொல்லலாமே? இந்த வாதம் எங்கே போய் முடியும் என்று அவர்களுக்கும் தெரிந்திருக்கிறது. அமெரிக்க விமான நிர்வாகம் 1993-இல் வெளியிட்ட ஒரு சுற்றறிக்கையில், இன்ஜின் உள்ள கிளைடருக்கு மூன்று வேலிகள் போட்டார்கள். ஆட்கள் இரண்டுக்கு மேல் கூடாது. முழு எடை 850 கிலோவைத் தாண்டக் கூடாது. மூன்றாவதுதான் சூட்சுமமானது: எடையைக் கிலோவில் எழுதி, இறக்கையின் முனைக்கு முனை நீளத்தை மீட்டரில் எடுத்து, அந்த நீளத்தின் வர்க்கத்தால் வகுத்தால் வரும் விடை 3-க்கு மேல் போகக் கூடாது. பவுண்டிலும் அடியிலும் போட்டால் 0.62. அந்தச் சுற்றறிக்கை தொழிற்சாலைத் தயாரிப்புகளின் வகைச் சான்றிதழுக்காக எழுதப்பட்டது. ஆனாலும் வீட்டில் கட்டுகிறவர்கள் அதையே முழக்கோலாகப் பிடித்துக்கொள்கிறார்கள். வேறு எண் அவர்கள் கைக்கு அகப்படுவதில்லை.

இப்போது காகிதத்தை எடுத்துப் போட்டுப் பாருங்கள். 46-இன் வர்க்கம் 2,116. 1,270-ஐ அதனால் வகுத்தால் 0.60. வேலிக்கு உள்ளேதான் நிற்கிறார். ஒப்பிட்டுப் பார்க்க இன்னொன்று: உலகமெங்கும் பயிற்சிப் பள்ளிகளில் ஓடிய செஸ்னா 152 விமானத்தின் முழு எடை சுமார் 757 கிலோ, இறக்கை 10.2 மீட்டர். வகுத்தால் 7-க்கு மேல் வருகிறது. அதையும் இன்ஜினை நிறுத்திச் சறுக்கவிடலாம்தான். கிளைடர் என்று பதிவு செய்யப் போனால் சிரித்துவிட்டு அனுப்பிவிடுவார்கள்.

இறக்கை நீளத்தை ஏன் வர்க்கம் செய்ய வேண்டும் என்று ஆசிரியரான நீங்கள் கேட்காமல் விட மாட்டீர்கள். விமானம் தன் எடையைத் தாங்குவதற்குக் காற்றைக் கீழே தள்ளியாக வேண்டும். நீண்ட இறக்கை நிறையக் காற்றைப் பிடித்து மெதுவாகத் தள்ளும். குட்டை இறக்கை கொஞ்சம் காற்றைப் பிடித்து வேகமாகத் தள்ளும். வேகமாகத் தள்ளுவதில்தான் சக்தி வீணாகிறது. அப்படி வீணாவதை விமானத்தின் எடையோடு ஒப்பிட்டுக் கணக்குப் போட்டால், வேகம் மாறாத வரையில், விடை சரியாக எடைக்கும் நீளத்தின் வர்க்கத்துக்கும் உள்ள விகிதத்தைப் பின்பற்றியே ஏறி இறங்குகிறது. யாரோ ஓர் அதிகாரி மேசையில் உட்கார்ந்து கற்பித்த எண் இது இல்லை. "முதன்மையாக" என்ற வழவழத்த சொல்லுக்குக் காற்றே கொடுத்த அளவு. அரசாங்கக் காகிதங்களில் இப்படி மனசுக்கு ஒப்பும் வரிகள் எனக்கு அதிகம் அகப்பட்டதில்லை.

அடுத்து, "எக்ஸ்பெரிமென்டல்" என்ற சொல். மகள் அனுப்பிய படத்தில் விமானத்தின் பக்கவாட்டில் அந்தச் சொல் பெரிதாக எழுதியிருக்கிறது என்றும், அம்மா அதைப் பார்த்துப் பயந்துவிட்டார் என்றும் கடிதத்தின் பின்பக்கத்தில் எழுதியிருக்கிறீர்கள். குறைந்தது 2 அங்குல உயரத்தில் எழுத வேண்டும் என்பது அங்கே விதி. ஏறுகிறவருக்கு, "இது தொழிற்சாலைத் தரச் சான்று பெற்றது இல்லை" என்று தெரிய வேண்டும், அவ்வளவுதான். கட்டியவர் தம் சொந்தக் கல்விக்காகவோ பொழுதுபோக்குக்காகவோ மட்டும் கட்டியிருக்க வேண்டும். வேலையின் பெரும்பங்கைத் தாமே செய்திருக்க வேண்டும். இதைத்தான் 51 சதவீத விதி என்கிறார்கள். செலவழித்த பணத்திலோ, பாகங்களின் எடையிலோ 51 என்று கணக்கில்லை. செய்த வேலைகளின் பட்டியலில் 51. ஒவ்வொரு நாள் வேலையையும் நோட்டுப் புத்தகத்தில் எழுதி, படமும் எடுத்து வைக்கிறாரா என்று கேளுங்கள். ஆணி அடித்ததைவிட அதை எழுதி வைத்ததுதான் பின்னால் காப்பாற்றும்.

கிளைடர் என்று பதிவு செய்வதில் அவருக்கு என்ன லாபம்? அங்கே கிளைடர் ஓட்டுபவருக்கு மருத்துவச் சான்றிதழ் தேவையில்லை. தமக்கு உடல்நலக் குறை இருப்பது தெரிந்தால் தாமே ஓட்டாமல் இருக்க வேண்டும் என்ற கட்டுப்பாடு மட்டும் உண்டு. பன்னாட்டு விதி கிளைடருக்கும் இரண்டாம் வகுப்பு மருத்துவச் சான்று கேட்கிறது. அமெரிக்கா தன் ஊருக்குள் அதிலிருந்து விலகி நிற்கிறது. சோதனைப் பறத்தலிலும் சலுகை உண்டு. வீட்டில் கட்டிய சாதாரண விமானத்துக்கு, இன்ஜினும் புரொப்பெல்லரும் சான்று பெற்ற ஜோடியாக இல்லாவிட்டால் வழக்கமாக 40 மணி நேரம்; கிளைடருக்கு 10. மாப்பிள்ளைக்கு 50 வயதைத் தாண்டியிருந்தால் முதல் சலுகைதான் காரணமாக இருக்கும். தப்பில்லை. என் ரத்த அழுத்தத்தைப் பார்த்தால் நானும் அதையேதான் செய்வேன்.

இனி அந்த இரண்டு கேள்விகள். ஒன்று, அவரிடம் கிளைடர் பிரிவில் உரிமம் இருக்கிறதா, சொந்த இன்ஜினால் மேலே ஏறுவதற்குப் பயிற்சியாளர் தனியாகக் கையொப்பம் இட்டிருக்கிறாரா? சாதாரண விமான உரிமத்தை வைத்துக்கொண்டு "எல்லாம் ஒன்றுதானே" என்று ஏறிவிடக் கூடாது. விமானத்துக்குக் கிளைடர் என்று பெயர் வைத்தால் ஓட்டுபவரும் கிளைடர்காரராக மாறித்தான் ஆக வேண்டும்.

இரண்டாவது, அந்த 1,270 பவுண்டு தராசில் வந்த எடையா, புத்தகத்தில் வந்த எடையா? 46 அடி இறக்கைக்கு வேலி 1,311 பவுண்டில் இருக்கிறது. மிச்சம் 41 பவுண்டு. நம் கணக்கில் 19 கிலோகூட இல்லை. வீட்டில் கட்டிய விமானம் எதுவும் புத்தகத்தில் சொன்ன எடைக்குள் நின்றதை நான் பார்த்ததில்லை. ஒரு கை பெயின்ட் கூடுதலாக அடிப்பார்கள், மெத்தையைத் தடிமனாகப் போடுவார்கள், ரேடியோ ஒன்றுக்கு இரண்டாக வரும். காலி எடை கூடினால் முழுச் சுமை எண்ணையும் கொஞ்சம் உயர்த்தி எழுதலாமே என்று கை அரிக்கும். அங்கேதான் கிளைடர் கிளைடராக இல்லாமல் போகும். இறக்கையைப் பிறகு நீட்ட முடியாது. பிள்ளை பிறந்த பிறகு பெயர் வைப்பது நம் வழக்கம். இந்தத் தொழிலில் பெயரை முடிவு செய்துவிட்டுத்தான் முதல் பலகையை அறுக்க வேண்டும்.

கேள்வி: பறந்துகொண்டிருக்கும் பயணிகள் விமானத்தின் இன்ஜின்கள் எல்லாம் நின்றுபோனால், சட்டப்படி அது கிளைடர் ஆகிவிடுமா? நண்பர்களுக்குள் பந்தயம்.
(வாசகர், கூடலூர்)

பதில்: ஆகாது. பந்தயத்தில் தோற்றவர் டீ வாங்கிக் கொடுக்கட்டும். பிரிவு என்பது பதிவுப் புத்தகத்தில் இருப்பது. வானத்தில் நடக்கும் விபத்தால் அது மாறாது.

ஆனால் உங்கள் நண்பருக்கு ஆறுதலாக ஒன்று சொல்கிறேன். 1983 ஜூலையில் ஏர் கனடாவின் போயிங் 767 ஒன்று 41,000 அடி உயரத்தில் எரிபொருள் தீர்ந்து நின்றது. எரிபொருளைக் கிலோவில் கணக்கிட வேண்டிய இடத்தில் பவுண்டு கணக்கைப் போட்டுவிட்டார்கள். கேப்டன் பாப் பியர்சன் ஓய்வு நாட்களில் கிளைடர் ஓட்டுபவராக இருந்தது பயணிகளின் அதிர்ஷ்டம். கிம்லி என்ற ஊரில் கைவிடப்பட்ட விமானத்தளம் ஒன்றில் இறக்கிவிட்டார். யாரும் சாகவில்லை. அந்த விமானத்துக்கு இன்றுவரை "கிம்லி கிளைடர்" என்றுதான் பெயர், சட்டம் என்ன சொன்னாலும்.

அது எவ்வளவு செங்குத்தாக இறங்கியது தெரியுமா? ஏறக்குறைய 12 அடி முன்னே போனால் 1 அடி கீழே. நம் மலை ரயில் கல்லாற்றிலிருந்து குன்னூருக்குப் பல்சக்கரத்தைக் கவ்விக்கொண்டு ஏறும் சரிவும் 12-க்கு 1 தான். அடுத்த முறை ரயிலில் இறங்கும்போது ஜன்னல் ஓரமாக உட்கார்ந்து, இது போயிங் என்று நினைத்துக்கொள்ளுங்கள். நல்ல கிளைடருக்கு 40-க்கு 1 கூட அகப்படும். குன்னூர் ஸ்டேஷனுக்கும் மேட்டுப்பாளையம் ஸ்டேஷனுக்கும் உயர வித்தியாசம் சுமார் 1,385 மீட்டர். அந்த உயரத்தை வைத்துக்கொண்டு அது அசையாத காற்றில் 55 கிலோமீட்டர் போகும். ரயில் 27 கிலோமீட்டர் சுற்றிச் சுற்றி வந்து சேர்வதற்குள், இது மேட்டுப்பாளையத்தைத் தாண்டி எங்கேயோ போயிருக்கும்.

கேள்வி: நாங்கள் நான்கு பேர் பொறியியல் கல்லூரியில் மூன்றாம் ஆண்டு படிக்கிறோம். விடுமுறையில் ஊட்டியிலேயே ஒரு சிறிய கிளைடரை நாங்களே செய்து, கல்லட்டியிலிருந்து பறக்கலாம் என்று திட்டம். முன்பு அங்கே ஹேங் கிளைடர்கள் பறந்ததாகச் சொல்கிறார்கள். இன்ஜின் இல்லாததற்கு அனுமதி எதுவும் தேவைப்படாதுதானே?
(மாணவர், உதகமண்டலம்)

பதில்: தம்பி, கடைசி வரியில் ஒரு "தானே" போட்டிருக்கிறாய் பார், அந்தத் "தானே"யால் மாட்டிக்கொண்டவன் நான்.

1980-களில் நானும் இரண்டு நண்பர்களும் கேத்தியில் ஓர் உருளைக்கிழங்குக் கொட்டகையை வாடகைக்கு எடுத்து, ஒற்றை இருக்கைக் கிளைடர் கட்டத் தொடங்கினோம். கொட்டகையின் நீளம் 21 அடி. ஆகவே ஒரு பக்க இறக்கை 20 அடி. ஆகவே மொத்தம் 40 அடி. எங்கள் விமானத்தின் வடிவத்தைத் தீர்மானித்தது காற்றியக்கவியல் என்று வெளியே சொல்லிக்கொண்டோம். உண்மையில் தீர்மானித்தது உருளைக்கிழங்கு.

ஸ்பார் என்பது இறக்கையின் முதுகெலும்பு. அதற்கு ஸ்ப்ரூஸ் மரம்தான் வேண்டும். தேயிலைத் தோட்டத்தில் நிழலுக்கு நிற்கும் சில்வர் ஓக் போதாதா என்று ஆசாரி கேட்டார். போதாது என்று அவருக்குப் புரியவைக்க ஒரு துண்டை அவர் கண் முன்னாலேயே வளைத்து ஒடித்துக் காட்ட வேண்டியிருந்தது. துணி போர்த்தி டோப் பூசும் கட்டம் வந்தபோது மழைக்காலம். டோப் என்பது துணியை இழுத்துப் பிடித்து இறுக்கும் ஒரு வகை வார்னிஷ். பூசும்போது கண்ணாடி போல இருக்கும். ஈரக் காற்றில் பூசினால் அது உலரும்போது குளிர்ந்து, காற்றிலிருக்கும் நீரைத் தன் மேல் இழுத்துக்கொண்டு வெளுத்துவிடும். காலையில் கதவைத் திறந்தால், இறக்கை முழுவதும் தேங்காய்ப் பாலை ஊற்றியது போல வெள்ளைத் திட்டுகள். அப்படி வெளுத்த இடத்தில் பிடிப்பு இருக்காது. கரைத்து எடுத்துவிட்டு மறுபடியும் பூச வேண்டும். கரி அடுப்பு வைத்து அறையைச் சூடாக்கலாம் என்று ஒரு நண்பர் அடுப்போடு வந்துவிட்டார். டோப்பின் ஆவிக்கு ஒரு பொறி போதும், கொட்டகையே போய்விடும். அவரையும் அடுப்பையும் சாலை வரை விரட்டிவிட்டு வந்தேன்.

இத்தனையும் தாண்டிக் காகிதத்துக்கு வந்தோம். சம்பந்தப்பட்ட ஓர் அலுவலகத்துக்கு விண்ணப்பம் அனுப்பினோம். படிவத்தில் இன்ஜின் எண் என்று ஒரு கட்டம் இருந்தது. "இல்லை" என்று எழுதினேன். விண்ணப்பம் முழுமையாக நிரப்பப்படவில்லை என்று திரும்பி வந்தது. "கிளைடர், ஆகவே இன்ஜின் கிடையாது" என்று விளக்கி மறுபடியும் அனுப்பினேன். அப்படியானால் இன்ஜின் அகற்றப்பட்டதற்கான சான்றை இணைக்கவும் என்று பதில் வந்தது. மூன்றாம் கடிதத்தை நான் எழுதவில்லை.

இப்போது உன் கேள்விக்கு வருகிறேன். இன்ஜின் இல்லை என்பதால் சட்டத்துக்கு வெளியே போய்விட முடியாது. 1934-ஆம் ஆண்டு விமானச் சட்டம், காற்றின் எதிர்விசையால் வளிமண்டலத்தில் தாங்கப்படும் எந்த இயந்திரத்தையும் விமானம் என்றது. கிளைடரைப் பெயர் சொல்லியே பட்டியலில் சேர்த்தது. அந்தச் சட்டத்தின் இடத்தில் 2025 ஜனவரி 1 முதல் பாரதிய வாயுயான் அதிநியம் வந்திருக்கிறது. கட்டுவதற்கு முன்னால் சிவில் விமானப் போக்குவரத்து இயக்குநரகத்துக்கு எழுதிக் கேட்க வேண்டும் என்பதில் மாற்றமில்லை. அமெரிக்காவில் 155 பவுண்டுக்குக் குறைவான, இன்ஜின் இல்லாத ஒற்றை இருக்கை ஊர்தியைப் பொழுதுபோக்குக்காகப் பறக்கவிட்டால் பதிவும் வேண்டாம், உரிமமும் வேண்டாம். இணையத்தில் நீ படித்தது அதுவாக இருக்கும். அந்தச் சலுகை அந்த மண்ணோடு சரி.

இங்கே வீட்டில் கட்டி அனுமதி வாங்கியவர் இல்லாமல் இல்லை. விமானி அமோல் யாதவ் மும்பையில் தம் குடியிருப்பின் மொட்டை மாடியிலேயே ஆறு இருக்கை விமானம் ஒன்றைக் கட்டினார். 2016-இல் மும்பையில் நடந்த மேக் இன் இந்தியா கண்காட்சியில் அதைக் கொண்டுவந்து வைத்தார். பதிவு அகப்பட்டது 2017-இல். பறந்து பார்க்க அனுமதி 2019-இல். கட்டி முடித்த பிறகும் எத்தனை ஆண்டு என்று நீயே எண்ணிக்கொள். உங்கள் விடுமுறை எத்தனை வாரம்?

கல்லட்டியைப் பற்றி. அனுமதியே அகப்பட்டாலும் அங்கே நான் யாரையும் தனியாக அனுப்ப மாட்டேன். கல்லட்டிச் சரிவு வடக்கே பார்த்து நிற்கிறது. தென்மேற்குப் பருவக் காற்று உன் முதுகுப் பக்கத்திலிருந்து வரும். மலைக்கு முன்னால் மோதும் காற்று தூக்கிவிடும். மலையைத் தாண்டிப் பின்னால் விழும் காற்று சுருண்டு கீழே அழுத்தும். சாலையோரம் நிற்கும்போது முகத்தில் மெல்லிய காற்று எதிரே வருவது போல இருக்கும். அது அந்தச் சுருளின் கீழ்ப் பகுதி. எதிர்காற்று என்று நம்பிக் குதித்தால் பத்து மீட்டரில் தெரிந்துவிடும். கீழே இறங்கும் இடமும் வெறும் தரை இல்லை. 36 கொண்டை ஊசி வளைவுகளுக்குக் கீழே சீகூர். யானை நடமாடும் காடு. யானையிடம் இன்ஜின் இல்லாத ஊர்தி என்று விளக்கிக்கொண்டிருக்க முடியாது.

முதலில் ஓர் இறக்கையின் ஒரே ஒரு ரிப் செய். ரிப் என்பது இறக்கைக்கு வடிவம் கொடுக்கும் விலா எலும்பு. உள்ளங்கை அகல ஒட்டுப்பலகையில், குச்சிகளை வளைத்து ஒட்டி, எடை போட்டு, அதே எடையில் இரண்டாவதைச் செய். இரண்டும் ஒரே எடையில் வந்தால் எனக்கு எழுது. கேத்திக்கு வந்து பார்க்க விரும்பினாலும் வரலாம். மழை விட்ட பிறகு வா.

கேள்வி: தாத்தா, பட்டம் விடுவதும் விமானம் ஓட்டுவது மாதிரிதான் என்று எங்கள் அறிவியல் ஆசிரியை சொன்னார். உண்மையா? எனக்கு 14 வயது. எத்தனை வயதில் கிளைடர் ஓட்டலாம்?
(ஒன்பதாம் வகுப்பு மாணவி, குன்னூர்)

பதில்: உங்கள் ஆசிரியை சொன்னது சட்டப்படியே உண்மை, அம்மா. மேலே சொன்ன 1934 சட்டத்தின் பட்டியலில் பலூன், வான்கப்பல், கிளைடர் ஆகியவற்றோடு பட்டமும் இருந்தது. மொட்டை மாடியில் நூல் பிடித்து நின்ற பிள்ளைகள் எல்லாரும் 90 ஆண்டுகளாக விமானம் ஓட்டிக்கொண்டுதான் இருந்திருக்கிறார்கள்.

அமெரிக்காவில் 14 வயதில் கிளைடரைத் தனியாக ஓட்டலாம். இன்ஜின் விமானத்துக்கு 16 ஆக வேண்டும். உரிமம் பெறுவதற்குப் பன்னாட்டு விதியில் குறைந்தது 16. ஆகவே உனக்கு இரண்டு வருடம் இருக்கிறது. அதற்குள் கணக்கில் வர்க்கமும் வர்க்கமூலமும் நன்றாகப் போடக் கற்றுக்கொள். 600 கிலோ எடையுள்ள இன்ஜின் கிளைடருக்கு, மேலே தலைமை ஆசிரியர் ஐயாவுக்குச் சொன்ன கணக்குப்படி, இறக்கை குறைந்தது எத்தனை மீட்டர் இருக்க வேண்டும்? விடையை அனுப்பு.

கேள்வி: இந்தியாவில் கிளைடர்கள் செய்திருக்கிறார்களா, எல்லாம் வெளிநாட்டுச் சரக்குதானா?
(வாசகி, லவ்டேல்)

பதில்: செய்திருக்கிறார்கள் அம்மா, அதுவும் அழகாக. சிவில் விமானத் துறையின் தொழில்நுட்ப மையம் டெல்லியில் வடிவமைத்த கிளைடர்களுக்கு நட்சத்திரப் பெயர்களை வரிசையாக வைத்தார்கள்: அசுவினி, பரணி, கார்த்திக், ரோகிணி, மிருகசீர், ஆர்த்ரா. நம் பஞ்சாங்கத்தில் ஆர்த்ராதான் திருவாதிரை. அசுவினி 1958-இல் பறந்தது, ரோகிணி 1961-இல், கார்த்திக் 1963-இல். ரோகிணியில் பயிற்சியாளரும் மாணவரும் அருகருகே உட்காருவார்கள். பெஞ்சில் உட்கார்ந்து பாடம் கேட்பது போல. அதன் மரச் சட்டத்தில் பசை விட்டுப்போன இடத்தை விரல் மடக்கித் தட்டியே கண்டுபிடிக்க என் மேஸ்திரி கற்றுக்கொடுத்தார். ஒட்டியிருக்கும் இடம் கிண்ணென்று பேசும். விட்டுப்போன இடம் பழுத்த பலாப்பழம் போல மொத்தென்று கேட்கும்.

அந்த வரிசையில் ஆர்த்ராவுக்கு அடுத்தது புனர்பூசம். எங்கள் கேத்திக் கிளைடருக்கு நாங்கள் வைத்த பெயர் அதுதான். ஸ்ப்ரூஸ் ஸ்பாரை ஒரு தச்சர் வாங்கிக்கொண்டு போய் ஏணி செய்துவிட்டார். துணி எலிக்குப் போயிற்று. ஒரே ஒரு ரிப் மட்டும் என் மேசைக்கு மேலே ஆணியில் தொங்குகிறது. நீங்கள் அனுப்பும் கடிதங்களை அதன் இடுக்குகளில்தான் செருகி வைக்கிறேன்.